பேய்க் கதையும் பேய்ப் பிழைப்பும்

"பேய் இல்லை, பிசாசு இல்லை, பில்லி சூனியம் இல்லை என்று ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லுகிற நீங்கள் பேய்க் கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாமா?" என்று தோழர்கள் சிலர் கேட்கின்றார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம்முடைய பதில் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரியானதல்ல. படிக்கலாம் என்பது மாத்திரமல்ல, படிக்கவேண்டும் என்றே சொல்லுவோம். பேய்க் கதையைக் கதையென்று சொல்லி எழுதுகிறவனால் யாருடைய குடியும் கெட்டதில்லை. அதையே நடந்த சங்கதியென்று சொல்லுகிறவனாலும், அதை நம்பிக் காரியம் செய்கிறவனாலும் கெட்ட குடிகளுக்குத்தான் கணக்கில்லை. இவ்விரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை ஒரு புத்தகத்தைக் கொண்டே விளக்க ஆசைப்படுகின்றோம்.

அந்தப் புத்தகம் 1944ஆம் வருஷத்தில் நியூயார்க்கு நகரத்தில் ராண்டம் ஹவுஸ் என்னும் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. ஹெர்பர்ட் வைஸ் என்பவரும் பில்லிஸ் பிரேசர் என்னும் அம்மையாரும் தொகுத்தது. "கிரேட் டேல்ஸ் ஆப் டெரர் அண்டு தி சூப்பர்நேச்சுரல்" என்று பெயர். அதாவது, பயங்கரத்தையும் இயற்கைக்கு மீறியதையும் பற்றிய பெருங்கதைகள் என்பது பொருள். பக்கம் ஆயிரத்துக்கு மேல், கதை 52. பால்சாக், மாப்பசான் என்னும் பிரெஞ்சுக்காரர்களும், போ, ஹாத்தார்ன், பியர்ஸ், பாக்னர், ஹெமிங்வே என்னும் அமெரிக்கர்களும், டிக்கன்ஸ், ஹார்டி, வெல்ஸ், கிப்ளிங் முதலிய இங்கிலீஷ்காரர்களும் எழுதிய கதைகள் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கதையின் தலையிலும் அதை எழுதினவர் பெயர் போட்டிருக்கின்றது. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

தொகுத்தவர்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்திருக்கின்றார்கள். புத்தகத்தை இரண்டு பாகமாகப் பிரித்து, பேயில்லாத பயங்கரத்தை முதல் பாகத்திலும், பேய் பிசாசு வகையறாக்களை இரண்டாவது பாகத்திலும் வைத்திருக்கின்றார்கள். அப்படியானால் பேயில்லாமல் பயங்கரம் ஏது என்று கேட்கலாம். அங்கேதான் சங்கதியே இருக்கின்றது.

முதல் பாகத்தில் பாக்னர் 1930இல் எழுதிய எமிலி என்னும் பெண்ணின் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பழைய பெருங்குடும்பம். தங்கள் அந்தஸ்துக்கு ஈடானவன் ஊரில் எவனும் இல்லையென்று தகப்பன் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் விரட்டியடிக்கின்றான். பெண்ணுக்கு முப்பது வயதாகின்றது. தகப்பன் செத்துப்போகின்றான். பிறகு அவள் ரோடு போடுகிற வேலைக்கு மேஸ்திரியாய் வந்த ஒருவனோடு பழகுகின்றாள். வடக்கத்தியான், கூலிக்கு உழைக்கிறவன், இவனோடு அந்தக் குடும்பத்துப் பெண்ணா என்று ஊர் வாயை மூடாமல் பேசுகின்றது. அவன் ஒருநாள் காணாமற்போகின்றான். அவள் கிழவியாகிச் செத்த பிறகு, நாற்பது வருஷமாய்ப் பூட்டிக்கிடந்த மாடி அறையை உடைத்துப் பார்த்தால், கட்டிலில் அவனுடைய எலும்புக்கூடு கிடக்கின்றது. பக்கத்துத் தலையணையில் ஒரு நரைத்த தலைமயிர் கிடக்கின்றது. விஷம் வைத்துக் கொன்று, பிணத்தோடு வாழ்ந்திருக்கின்றாள்.

இந்தக் கதையில் பேய் எங்கே இருக்கின்றது? குலப்பெருமை என்னும் பேய்தான் இருக்கின்றது. பெண்ணைப் பெட்டியில் வைத்துப் பூட்டின தகப்பன் பேயும், யாரோடு யார் பழகலாம் என்று காவல் காத்த ஊர்ப் பேயுமே இருக்கின்றன. எந்த மந்திரவாதி வந்து வேப்பிலை அடித்தால் இந்தப் பேய்கள் ஓடும்?

அதே பாகத்தில் கானல் என்பவர் 1924இல் எழுதின கதையொன்றில், ஜாரோப் என்னும் பிரபு ஒரு தீவில் மாளிகை கட்டிக்கொண்டு, கப்பல் உடைந்து கரையேறுகிற மாலுமிகளை மிருகத்தைப் போல் ஓடவிட்டு வேட்டையாடுகின்றான். இது தகுமா என்று கேட்டால், பலமில்லாதவன் பலசாலியின் இன்பத்துக்காகவே உண்டானவன் என்று தத்துவம் பேசுகின்றான். மேசையில் நல்ல விருந்து, பேச்சில் நல்ல மரியாதை, கையில் துப்பாக்கி. இந்த மாதிரிப் பிரபுவைப் பார்க்கத் தீவுக்குப் போகவேண்டுமா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க, இனிப் பேய்களைப் பார்ப்போம். ஜேக்கப்ஸ் என்னும் இங்கிலீஷ்காரர் 1902இல் எழுதிய "குரங்குக் கை" என்னும் கதையைக் கேள்விப்படாத இங்கிலீஷ் வாசகர் அபூர்வம். இந்தியாவிலிருந்து திரும்பின ஒரு சிப்பாய் மேஜர் காய்ந்துபோன குரங்குக் கையொன்றைக் கொண்டுவருகின்றான். ஒரு கிழப் பக்கிரி அதற்கு மந்திரம் போட்டிருக்கின்றாராம். மூன்று பேர் ஆளுக்கு மூன்று வரம் கேட்கலாமாம். மனிதர் வாழ்வை நடத்துவது விதிதான், அதில் கைவைத்தால் துன்பமே மிஞ்சும் என்று காட்டுவது பக்கிரியின் எண்ணமாம். வெள்ளைக்காரக் கதைக்காரனுக்கு மந்திரம் தேவைப்பட்டால் எந்தக் கடைக்குச் சரக்கு வாங்க வருகின்றான் பாருங்கள்! நாம் உலகத்துக்கு ஏற்றுமதி செய்த பெருமை இது.

ஒரு கிழவர் அந்தக் கையைப் பிடித்து 200 பவுன் பணம் கேட்கின்றார். மறுநாள் அவருடைய ஒரே மகன், தான் வேலைசெய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகின்றான். கம்பெனி ஆள் வீட்டுக்கு வருகின்றான். நடந்ததற்குக் கம்பெனி பொறுப்பாளி அல்ல, ஆயினும் மகன் செய்த வேலையை உத்தேசித்து ஒரு தொகை கொடுக்கின்றோம் என்கின்றான். எவ்வளவு என்றால் 200 பவுன். கிழவி அலறுகின்றாள், படிக்கிறவர்களுக்கும் மயிர்க்கூச்செறிகின்றது. குரங்குக் கை கேட்டதைக் கொடுத்துவிட்டது என்று நடுங்குகின்றார்கள்.

ஆனால் நாம் வேறொன்றைக் கேட்கின்றோம். குரங்குக் கையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? இயந்திரத்தில் ஒரு தொழிலாளி செத்தான், முதலாளி பொறுப்பில்லையென்றான், ஓர் உயிருக்கு 200 பவுன் என்று விலை வைத்தான். இதற்கு மந்திரம் எதற்கு? இது இங்கிலாந்தில் நடந்ததுதான். எல்லா நாட்டிலும் நடந்ததுதான். விதியென்று பக்கிரி சொல்லிவிட்டால், இயந்திரத்துக்கு ஏன் வேலி போடவில்லை என்று கேட்க ஆளில்லாமற் போகின்றது. பேயின் பேரில் பழி விழுகிற இடங்களிலெல்லாம் பேய்க்குப் பின்னால் ஒரு மனிதன் சௌகரியமாய் உட்கார்ந்திருப்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். கதையாசிரியர் இதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, கண்ணைத் திறந்து படிக்கிறவனுக்குக் கதை இதைச் சொல்லிவிடுகின்றது.

இன்னொரு கதை, பேய் எப்படி உண்டாகின்றது என்பதற்கு நல்ல பாடம். சாகி என்ற புனைபெயர் வைத்துக்கொண்டு, பர்மாவில் பிறந்து, 1916இல் யுத்தத்தில் மாண்டுபோன ஆசிரியர் எழுதியது. "திறந்த ஜன்னல்" என்று பெயர். நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வு தேடிக் கிராமத்துக்கு வந்த ஒரு மனிதன் ஒரு வீட்டுக்குப் போகின்றான். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, வயது 15, அவனை உட்காரவைத்து, மூன்று வருஷத்துக்கு முன் வேட்டைக்குப் போன தன் அத்தையின் புருஷனும், அத்தையின் தம்பிமார் இருவரும் சதுப்பில் அமிழ்ந்து செத்துப்போனதாகவும், அவர்கள் திரும்பி வருவார்களென்றே அத்தை அந்த ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதாகவும் சொல்லுகின்றாள். அந்திநேரத்தில் மூன்று உருவங்கள் புல்வெளியில் நடந்து வருகின்றன. வந்தவன் தடியையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடிக்கின்றான். வாஸ்தவத்தில் அவர்கள் சாகவேயில்லை; அன்று காலையில்தான் வேட்டைக்குப் போனார்கள்! அவன் ஏன் ஓடினான் என்று அவர்கள் கேட்டதற்கு, கங்கைக் கரைச் சுடுகாட்டில் ஒருமுறை நாய்கள் அவனைத் துரத்தினதாம், நாயைக் கண்டால் அவனுக்கு ஆகாதாம் என்று அந்தப் பெண் அந்த க்ஷணமே இன்னொரு கதை கட்டிவிடுகின்றாள்.

பேய்க்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான். சொல்ல ஒரு வாய், கேட்கப் பலவீனமான ஒரு மனம், கொஞ்சம் அந்தி வெளிச்சம். ஊர்ப் புளியமரத்துப் பேய்களையெல்லாம் ஆராய்ச்சி செய்து இதற்கு மேல் ஒரு பண்டிதர் என்ன எழுதிவிட முடியும்?

இப்படிப் பேய்களைச் செய்தவர்களில் கைதேர்ந்தவர்கள் சிலர் பேயை நம்பாதவர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். இத்தொகுதியில் இரண்டு கதை எழுதியிருக்கிற லவ்கிராப்ட் என்னும் அமெரிக்கர் கடவுளும் ஆவியும் இல்லையென்று பகிரங்கமாய்ச் சொன்ன பொருள்முதல்வாதி. பொம்மை செய்கிற குயவன் அதனிடம் வரம் கேட்பதில்லை. களிமண் எந்தக் குளத்தில் எடுத்தது என்று அவனுக்குத் தெரியும்.

அப்படியானால் ஆபத்து எப்போது வருகின்றது? கதை கதையாயிராமல் சாட்சியாய் மாறும்போது வருகின்றது. இத்தொகுதியிலிருக்கிற ஹாத்தார்னுடைய குடும்பக் கதையே இதற்கு உதாரணம். அமெரிக்காவில் சேலம் என்னும் ஊரில் 1692இல், சில பெண்பிள்ளைகளுக்கு வலிப்புக் கண்டது. இது சூனியக்காரிகளின் வேலையென்று சொல்லி, ஊராரை ஒவ்வொருவராய்ப் பிடித்து விசாரித்தார்கள். "இன்னாருடைய ஆவி ராத்திரியில் வந்து என்னைக் கிள்ளிற்று" என்று ஒருவர் சொன்னால் அது கோர்ட்டில் சாட்சியாய் ஒப்புக்கொள்ளப்பட்டது. 14 பெண்களும் 5 ஆண்களுமாய் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 80 வயதான ஒரு கிழவர் மேலே பாறாங்கற்களை ஏற்றிக் கொல்லப்பட்டார். அந்த விசாரணை நடத்தினவர்களில் ஒருவர் ஜான் ஹாத்தார்ன் என்பவர். இவர் கதையாசிரியருக்குப் பாட்டனுக்குப் பாட்டன்.

பாட்டன் பேய்க் கதையைக் கேட்டு நம்பினான், தூக்குமரம் எழும்பிற்று. பேரன் பேய்க் கதையை எழுதினான், புத்தகம் பிறந்தது. முன்னோர் செய்த காரியத்துக்கு வெட்கப்படுவதாக அந்தப் பேரன் 1850இல் வெளிவந்த தன் நாவலின் முன்னுரையில் எழுதியுமிருக்கின்றான். இருவர் கையிலுமிருந்த சரக்கு ஒன்றுதான். ஒருவன் அதைக் கதையென்று அறிந்தான், மற்றவன் அறியவில்லை. 1693இல் அந்த வழக்குகளில் தண்டனை விதிக்கப்பட்டு உயிர்தப்பிய எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பேரிலிருந்த களங்கம் 2022ஆம் வருஷத்தில்தான் சட்டப்படி நீக்கப்பட்டது. அதற்குப் பாடுபட்டவர்கள் ஒரு பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையுமாவார்கள். பெரியவர்கள் நம்பின பொய்யைத் துடைக்கப் பிள்ளைகளுக்கு 329 வருஷம் சென்றது!

இது பழைய காலத்துச் சங்கதி, படிப்பும் பத்திரிகையும் வந்தபின் இப்படி நடக்காது என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்காகவே இத்தொகுதியிலுள்ள இன்னொரு ஆசிரியரான ஆர்தர் மாக்கன் என்பவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகின்றோம். 1914 ஆகஸ்டில் மான்ஸ் என்னுமிடத்தில் ஜெர்மானியர்களிடம் அடிபட்டு இங்கிலீஷ் பட்டாளம் பின்வாங்கிற்று. மாக்கன் லண்டனில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். செப்டம்பர் 29ந் தேதி "ஈவினிங் நியூஸ்" பத்திரிகையில் ஒரு சிறுகதை எழுதினார். அதில் ஒரு சிப்பாய் புனித ஜார்ஜைக் கூப்பிடுகின்றான். உடனே 1415இல் அஜின்கோர்ட்டில் போர்செய்த பழைய வில்லாளிகள் ஒளியுருவமாய் வந்து நின்று அம்பு விடுகின்றார்கள். ஜெர்மானியர்கள் காயமேயில்லாமல் சாகின்றார்கள். இது முழுக்கக் கற்பனை.

கொஞ்ச நாளில், இதற்கு ஆதாரமென்ன என்று ஆவி ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டெழுதினார்கள். ஆதாரம் ஒன்றுமில்லை, நானே கட்டினது என்று மாக்கன் பதிலெழுதினார். பிறகு கோயில் பத்திரிகைகள் மறுபடி அச்சுப்போட அனுமதி கேட்டன. ஒரு பாதிரியார், சிறு புத்தகமாய்ப் போடவேண்டும், ஆதாரங்களைக் குறித்து ஒரு முன்னுரை எழுதித் தாருங்கள் என்றார். ஐயா, இது கதை என்று மாக்கன் எழுதினார். அதற்குப் பாதிரியார் என்ன பதில் எழுதினார் தெரியுமா? நீங்கள்தான் தவறாக நினைக்கின்றீர்கள். அடிப்படைச் சங்கதி உண்மையாகத்தான் இருக்கவேண்டும். நீங்கள் அதை விரித்து எழுதினீர்கள், அவ்வளவே என்று எழுதினார்! 1915ஆம் வருஷத்து நடுவிலே வில்லாளிகள் போய்த் தேவதூதர்கள் வந்துவிட்டார்கள். பிரசங்க மேடைகளில் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். என் சிநேகிதன் பார்த்தான், சிநேகிதனுக்குச் சிநேகிதன் பார்த்தான் என்று கிளம்பினார்கள். மாக்கன் அந்தக் கதையைப் புத்தகமாய்ப் போட்டு, நீண்ட முன்னுரையெழுதி மறுத்தும் நம்புகிறவர்கள் நம்பிக்கொண்டேயிருந்தார்கள்.

தோழர்களே, இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். எழுதினவன் உயிரோடிருக்கின்றான். அதே ஊரில் இருக்கின்றான். பத்திரிகையின் தேதி இருக்கின்றது. "பொய், பொய், நான் கட்டின கதை" என்று அவனே சத்தம் போடுகின்றான். அப்படியிருந்தும் ஒரு வருஷத்துக்குள் கதை வேதமாகிவிட்டது. எழுதினவன் பெயர் தெரியாமல், எழுதின காலம் தெரியாமல், மறுப்பதற்கு ஆளுமில்லாமல், மறுத்தவனை நரகத்துக்கு அனுப்புவோமென்ற மிரட்டலோடு நூற்றுக்கணக்கான வருஷங்கள் வழங்கி வருகிற கதைகள் எத்தனை எத்தனை வேஷம் போட்டிருக்கும்? அதனால்தான் கதையின் தலையில் ஆசிரியர் பெயர் இருக்கின்றதா என்று முதலில் பாருங்கள் என்றோம். பெயர் போட்டவன் பொறுப்பை ஒப்புக்கொண்டவன். பெயரில்லாமல் தெய்வத்தின் பெயரைப் போட்டவன் பொறுப்பைக் கழற்றிவிட்டுக் காசை மாத்திரம் வைத்துக்கொண்டவன்.

நம்பினால் என்ன நஷ்டம், மனதுக்கு ஒரு ஆறுதல்தானே என்பாரும் உண்டு. அவர்கள் மாப்பசான் 1887இல் எழுதின "ஓர்லா" என்னும் கதையைப் படிக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று தன்னைப் பிடித்துக்கொண்டதாக ஒரு மனிதன் நினைக்கின்றான். அதை அறைக்குள் வைத்துப் பூட்டி, வீட்டுக்கே தீ வைக்கின்றான். உள்ளே வேலைக்காரர்கள் படுத்திருப்பது அவனுக்கு மறந்தே போகின்றது. அவர்கள் வெந்து சாகின்றார்கள்; பேயோ சாகவில்லையென்று அவனுக்குச் சந்தேகம்! அதை எழுதின மாப்பசான் சித்தம் கலங்கி 1893இல் பாரிஸில் ஒரு வைத்திய விடுதியில் செத்தார். மனதின் நோய் எப்படியிருக்குமென்று அறியாதவரல்லர்.

தீ என்றதும் நம் நாட்டார் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. 2001 ஆகஸ்டு 6ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். பேய் பிடித்திருக்கிறது, தர்காவில் வைத்தால் தெளியும் என்னும் நம்பிக்கையே இப்படிப்பட்டவர்களை அந்த ஊருக்கு வரச்செய்தது. கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்களில் பலர் மனதுக்கும் வைத்தியமுண்டென்று யாரும் சொல்லித்தராத ஏழைகள். கோயிலானாலும் தர்காவானாலும் மாதா கோயிலானாலும் பேய் பிடித்ததென்ற பேச்சுக்குப் பின்னால் நோயாளியை அடிக்கிற கையும் கட்டுகிற சங்கிலியும் வருகின்றன. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடுத்திருக்கின்றது. சட்டம் சங்கிலியை அறுக்கலாம். சங்கிலிக்குக் காரணமான கதையை அறுப்பது நம் வேலை.

கடைசியாக, இவற்றைப் படித்தால் பயம் வராதா என்று கேட்கலாம். வரும். வரட்டும் என்கின்றோம். பயம் மனிதனுக்கு இயற்கை. புலிக்குப் பயந்தவன் பிழைத்தான். சிலம்பம் பழகுகிறவன் அடிபடுவதற்காகவா பழகுகின்றான்? அடி எங்கிருந்து வரும், எப்படித் தடுப்பது என்று அறியவே பழகுகின்றான். பயப்பட்டுக்கொண்டே பயத்தைப் பார்க்கக் கற்றவன், ராத்திரி புளியமரத்தடியில் சத்தங் கேட்டால் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பான். பார்க்காதவனுக்குத்தான் அது பிசாசு. பார்த்தவனுக்கு அது ஆந்தை.

ஆகவே வாசகசாலை நடத்தும் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். இப்படிப்பட்ட கதைகளை ஒதுக்காதீர்கள். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். சாயங்காலத்தில் பத்துப்பேரைக் கூட்டிவைத்து ஒருவர் உரக்கப் படியுங்கள். பிள்ளைகளும் பெண்களும் கேட்கட்டும். படித்து முடிந்ததும் விளக்கைப் பெரிதாக்கி மூன்று கேள்வி கேளுங்கள். இதை முதலில் சொன்னவன் யார்? இதை நம்பினால் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு? கதைப் புத்தகமானால் மூன்றுக்கும் பதில் சுலபம். சொன்னவன் பெயர் அட்டையில் இருக்கின்றது, லாபம் புத்தகத்தின் விலை, நஷ்டம் ஒருநாள் தூக்கம். அதே மூன்று கேள்வியை மறுநாள் குறிசொல்லுகிறவனிடமும், தாயத்து விற்கிறவனிடமும், பேயோட்டுகிறவனிடமும் கேட்கப் பழகிவிட்டால் நாம் வேறு பிரசங்கமே செய்யத் தேவையில்லை.